‘கள்’ எங்கே போச்சு?

பெரியப்பாவும் சித்தப்பாவும் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பேசிக்கொள்ளவில்லை. சொத்துத் தகராறு இல்லை. கல்யாணப் பத்திரிகையில் பேர் விட்டுப்போன சண்டையும் இல்லை. யோசித்துப் பார்த்தால் பேர் விட்டுப்போன சண்டைதான், ஆனால் விட்டுப்போனது எங்கள் சொந்தக்காரர் யாருடைய பேரும் இல்லை, பழைய சினிமா இசையமைப்பாளர் டி.கே. ராமமூர்த்தியின் பேர்.

பெரியப்பா சேலம் அம்மாபேட்டையில் சவுண்ட் சர்வீஸ் நடத்தியவர். குழாய் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், ரெண்டு பெட்டி நிறைய ரெக்கார்டு, எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்க் கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை என்று விடிய விடியப் பாட்டுப் போட்டவர். அவருக்கு எம்.எஸ். விஸ்வநாதன் என்றால் தெய்வம். சித்தப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர், சின்ன வயதில் மூன்று வருஷம் வயலின் கற்றுக்கொண்டு பட்டறை வேலைக்காக விட்டவர். வயலின்காரரான ராமமூர்த்தியை யாராவது குறைத்துப் பேசினால் தன்னையே பேசினதாக எடுத்துக்கொள்வார். இருவருக்கும் நடுவில் நான். ரொம்ப நாளாக ரெண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு இருந்தேன், இப்போது சித்தப்பா கட்சி.

என் மனைவியின் தம்பி ஏற்காட்டில் ஒண்டிக்கடைக்குக் கொஞ்சம் தள்ளிக் கொஞ்சம் மிளகும் காப்பியும் போட்டுக்கொண்டு, வீட்டில் ரெண்டு அறையை விருந்தினருக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டு இருக்கிறான். அவன்தான் கூப்பிட்டான். பெரியப்பா சும்மா வரமாட்டார், ரெக்கார்டு பிளேயரையும் ஒரு பெட்டி ரெக்கார்டையும் பழைய வேட்டியில் சுற்றிக் காரின் பின்பக்கம் வைத்துக்கொண்டார். கூடவே அவருடைய நீளக் கணக்கு நோட்டு ஒன்று. எந்த ரெக்கார்டு எந்தப் பெட்டியில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று அவர் கைப்பட எழுதி வைத்த பட்டியல் அது. நாங்கள் தட்டுவடை செட்டுக்கு வேண்டியதைத் தனித்தனியாகக் கட்டி எடுத்துக்கொண்டோம். (சேர்த்துக் கட்டினால் அடிவாரம் போவதற்குள் சொதசொதவென்று ஆகிவிடும். சேலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.)

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போதே ஆரம்பித்துவிட்டது. ஸ்டூடியோ போய் அந்த முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. அதைப் பார்த்ததும் சித்தப்பா, “பாசவலை இங்க எடுத்த படம்தான், 56ல, விஸ்வநாதன் ராமமூர்த்தி” என்றார். பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே, “ஆமா, எம்.எஸ்.வி. மியூசிக்” என்றார். அவ்வளவுதான். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் 1952க்கும் 1965க்கும் நடுவில் நடந்தது அத்தனையும் காருக்குள் வந்துவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சி.ஆர். சுப்பராமனின் குழுவில் ராமமூர்த்தி வயலின், விஸ்வநாதன் ஆர்மோனியம். சுப்பராமன் 1952இல் திடீரென்று இறந்துபோனபோது, அவர் பாதியில் விட்டுப்போன படங்களை இவர்கள்தான் முடித்துக்கொடுத்தார்கள். அதே வருஷம் என்.எஸ். கிருஷ்ணன் இயக்கிய ‘பணம்’ படத்தில் சேர்ந்து இசையமைப்பாளர் ஆனார்கள். ராமமூர்த்தி 1922இல் பிறந்தவர், விஸ்வநாதன் 1928. ஆறு வயது மூத்தவர், ஆனால் அவர் பேர் இரண்டாவது. பாவமன்னிப்பு, பாசமலர், நெஞ்சில் ஓர் ஆலயம், கர்ணன், காதலிக்க நேரமில்லை, புதிய பறவை எல்லாம் இருவரும் சேர்ந்து போட்டவை. 1965இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு பிரிந்தார்கள். ஏன் பிரிந்தார்கள் என்பதற்கு டீக்கடைக்கு ஒரு கதை உண்டு, அதற்குள் நான் போகவில்லை. முப்பது வருஷம் கழித்து 1995இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்கு ஒரு தடவை மறுபடி சேர்ந்தார்கள். ராமமூர்த்தி 2013இல் போனார், எம்.எஸ்.வி. 2015இல்.

பிரிந்த பிறகு என்ன ஆச்சு என்பதில்தான் சண்டை. பெரியப்பாவின் வாதம் எண்ணிக்கை. எம்.எஸ்.வி. தனியாக நூற்றுக்கணக்கில் போட்டார், ராமமூர்த்தி தனியாகப் போட்டது இருபதுக்குள். “சரக்கு யார்கிட்ட இருந்துச்சுன்னு இதிலேயே தெரியலையா கண்ணு?” என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் படம் கிடைப்பது வேறு, பாட்டு வருவது வேறு என்பதைச் சவுண்ட் சர்வீஸ் நடத்தினவரே மறந்துவிட்டால் எப்படி? தயாரிப்பாளர்களோடு பேசிப் பழகுவது, பாடகர்களிடம் வேலை வாங்குவது, கவிஞரைச் சிரிக்க வைத்துப் பல்லவி வாங்குவது, இதெல்லாம் ஒரு திறமை. எம்.எஸ்.வி.யிடம் அது அபாரமாக இருந்தது. அது இல்லாதவர் வீட்டுக்குப் படம் தானாக நடந்து வராது.

‘நான்’ படத்தின் “போதுமோ இந்த இடம்” பாட்டைக் கேளுங்கள். 1967. அதே படத்தில் “அம்மனோ சாமியோ” கேளுங்கள், நான் சின்னப் பையனாக இருந்தபோது ஆடிமாதம் அம்மாபேட்டையில் அந்தப் பாட்டு போட்டால் சாமி வந்து ஆடினவர்கள் உண்டு. ‘சங்கமம்’ படத்தின் “தன்னந்தனியாக”, அது 1970. இவற்றை எல்லாம் எம்.எஸ்.வி. பாட்டு என்றே நினைத்துக்கொண்டு ஒரு தலைமுறை செத்தும் போய்விட்டது. சித்தப்பாவின் வயிற்றெரிச்சல் அங்கேதான். தோற்றவன் என்கிறார்களே என்பதில் அவருக்கு வருத்தம் குறைவு. நன்றாகப் போட்டதை எல்லாம் எடுத்து மற்றவர் கணக்கில் வரவு வைக்கிறார்களே என்பதுதான்.

மேலே போய்ச் சேர்ந்தபோது மழை. என் மச்சான் சூடாக மிளகாய் பஜ்ஜி போட வைத்திருந்தான். அவன் பீட்டில்ஸ் பாட்டுக் குழுவின் பைத்தியம், ஆகவே அவனும் உள்ளே குதித்தான். “பெரிய மாமா, இது எங்க ஊர்லயும் நடந்ததுதான்” என்றான். எங்க ஊர் என்று அவன் சொன்னது லிவர்பூலை. 1970இல் நாலு பேரும் பிரிந்தபோது எல்லோரும் லெனானா மெக்கார்ட்னியா என்று அடித்துக்கொண்டிருக்க, ஒரு ஆல்பத்துக்கு ஒன்றிரண்டு பாட்டு மட்டும் கிடைத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஹாரிசன் சேர்த்து வைத்ததை எல்லாம் கொட்டி மூன்று ரெக்கார்டு கொண்ட ஆல்பத்தை ஒரே அடியில் போட்டார். “உங்க ராமமூர்த்திதான் எங்க ஹாரிசன்” என்று சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னான். சித்தப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை, பஜ்ஜி அவன் தட்டுக்கு ரெண்டு போனது. பெரியப்பா நிதானமாக, “அவரு ஒரே அடியில மூணு போட்டாரு சரி, இவரு எத்தனை போட்டாரு?” என்றார். பஜ்ஜி திரும்பி வரவில்லை, ஆனால் சித்தப்பா முகம் சுருங்கிவிட்டது.

அங்கேதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எண்ணிக்கையை விடுங்கள், காதால் கேட்டுச் சொல்லுங்கள், ராமமூர்த்தி இருந்தால் வயலின் கூட்டம் தனியாக நிற்கும், ‘அன்பே வா’வில் புதிய வானம் பாட்டின் துவக்கத்தில் மலை மாதிரி எழும்புகிறதே, அது ராமமூர்த்தி கை இல்லாமல் வருமா என்றேன். சித்தப்பா பலமாகத் தலையாட்டினார். பெரியப்பா சிரித்த சிரிப்பு பக்கத்து எஸ்டேட்டுக்குக் கேட்டிருக்கும். ‘அன்பே வா’ 1966 பொங்கலுக்கு வந்த படம், பிரிந்த பிறகு எம்.எஸ்.வி. தனியாகப் போட்டது. ரெக்கார்டு உறையை எடுத்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். அங்கே ஒரே பேர்தான். இத்தனை வருஷமாக என் காது பிரித்துச் சொல்லும் என்று நம்பிக்கொண்டிருந்தேன், அது உறையைப் பார்க்காமல் ஒன்றும் சொல்லாது என்று அன்றைக்குத் தெரிந்தது. சித்தப்பா மட்டும் “உறையில போட்டா ஆச்சா” என்று முனகினார். அந்த முனகலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எடுத்தது எடுத்தாச்சு, போடுவோம் என்று அந்த ரெக்கார்டையே பெரியப்பா போட்டார். போடும் முன்னால் ஒரு பரீட்சை வைத்தார். அந்தப் பாட்டில் சூரியன் வரும் அடி பழைய எம்.ஜி.ஆர். ரசிகர்களுக்குத் தெரியும். வாலி எழுதியது ‘உதய சூரியன்’. அன்றைக்கு அது தி.மு.க. சின்னம், எம்.ஜி.ஆரும் அந்தக் கட்சியில்தான் இருந்தார், தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சி. சென்சார் ஒத்துக்கொள்ளவில்லை. வாலி அதை ‘புதிய சூரியன்’ ஆக்கினார். உதய, புதிய. மூன்று குறில், கடைசி எழுத்தும் ஒன்றே, தாளத்தில் ஒரு நூல் இடிக்காது, வாயசைப்பிலும் பெரிதாகத் தெரியாது. சென்சாருக்குக் கையெழுத்துப் போட ஒரு வார்த்தை, கொட்டகையில் உட்கார்ந்திருப்பவன் காதுக்கு இன்னொரு வார்த்தை. முந்தின வருஷம் வந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’ பாட்டில் ‘நான் அரசன் என்றால்’ என்று எழுதி, அது சென்சாரில் நிற்காது என்று ‘நான் ஆணையிட்டால்’ ஆன கதையையும் சொல்வார்கள். அது உண்மையானால் வெட்டினவருக்குத்தான் நாம் நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆணையிட்டால் என்பதில் இருக்கும் சாட்டை அரசன் என்றாலில் இல்லை.

பெரியப்பாவின் பரீட்சை இதுதான்: இந்த ரெக்கார்டில் டி.எம்.எஸ். பாடுவது உதயவா, புதியவா? விளக்கை எல்லாம் கூட அணைத்துவிட்டுக் கேட்டோம். முள் கீறும் சத்தம் நடுவில், மழையும் தகரக் கூரையில் விழுந்துகொண்டிருக்க, அந்த அடி வந்து போனது. “உதய” என்றார் பெரியப்பா. “புதிய” என்றார் சித்தப்பா. மறுபடி. மறுபடி. ஆறு தடவை போட்டோம். பெரியப்பா பரம்பரை தி.மு.க., சித்தப்பா 1972இல் எம்.ஜி.ஆர். வெளியே வந்த அன்றைக்குக் கூடவே வெளியே வந்தவர், இன்றைக்கும் உதய சூரியன் என்று வாயால் சொல்ல மாட்டார். ஒரே அறை, ஒரே ரெக்கார்டு, ஒரே ஸ்பீக்கர். மச்சானுக்கு ரெண்டும் கேட்கவில்லையாம். எனக்கு உதய என்றுதான் கேட்டது, ஆனால் என் காதின் யோக்கியதைதான் அரைமணி நேரம் முன்னால் தெரிந்துவிட்டதே.

ஏழாவது தடவை போடுவதற்குள் கரண்ட் போய்விட்டது. ஏற்காட்டில் மழை என்றால் அது இல்லாமல் முடியாது.

இருட்டில் பேச்சு ரேடியோவுக்குப் போனது. கேஸ்கர் என்ற மந்திரி 1952இல் வந்து, சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று ஆகாஷ்வாணியில் அதை ஒதுக்கி வைத்த காலத்தைப் பெரியப்பா அவருடைய அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறார். ஊரே அப்போது இலங்கை வானொலி பக்கம் முள்ளைத் திருப்பிவிட்டது. 1957 அக்டோபரில் விவித பாரதி ஆரம்பித்துத்தான் நம் அரசாங்கம் நம் பாட்டை நமக்கே திருப்பிப் போட்டது. அதற்குள் வீட்டு ரேடியோக்களில் இலங்கை ஸ்டேஷன் இருக்கும் இடத்தில் கண்ணாடி மேல் பென்சில் கோடு விழுந்திருந்தது. போஸ்ட் ஆபீசில் லைசென்ஸ் கட்டி ரேடியோ வைத்திருந்த காலம், இந்திய அரசுக்குக் காசு கட்டி இலங்கையைக் கேட்டார்கள்.

மச்சான் விடுவானா. கிங்க்ஸ் என்று ஒரு லண்டன் குழுவின் ‘லோலா’ பாட்டைச் சொன்னான், 1970. ஒரு பையன் கிளப்பில் ஒரு ஆளைச் சந்திக்கிறான், அது பெண்தானா என்று குழம்புகிறான், அதுதான் பாட்டு. அந்தக் காலத்து பி.பி.சி. எதற்கு ஆட்சேபம் செய்தது என்று கேட்டான். பாட்டின் சங்கதிக்கு என்றுதான் நாங்கள் எல்லோரும் சொன்னோம். இல்லை, பாட்டில் வந்த கோகோ கோலாவுக்கு. விளம்பரம் கூடாது என்பது விதி. ரே டேவிஸ் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தை நடுவில் விட்டுவிட்டு லண்டனுக்குப் பறந்து வந்து ‘செர்ரி கோலா’ என்று மாற்றிப் பாடிவிட்டுப் போனார். சித்தப்பா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “கலர் சோடான்னு போட்டிருக்கலாம்” என்றார்.

லெனான் கலகக்காரர், மெக்கார்ட்னி சாது என்று பேசுகிறவர்களுக்கு ஒரு விஷயம், இது எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். 1972 ஜனவரியில் வட அயர்லாந்தில் ஊர்வலம் போனவர்களைப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டபோது, அயர்லாந்தை ஐரிஷ்காரர்களுக்கே கொடுத்துவிடு என்று பாட்டுப் போட்டது அந்தச் சாதுதான். பி.பி.சி. தடை செய்தது, அயர்லாந்தில் முதலிடம் போனது. அடுத்ததாக ‘மேரி ஹேட் எ லிட்டில் லேம்’ என்ற குழந்தைப் பாட்டை வெளியிட்டார். இதையாவது போடுவீர்களா என்று கேட்பது மாதிரி. அதே வருஷக் கடைசியில் ‘ஹை ஹை ஹை’ என்று இன்னொன்று, அதற்கும் தடை. ஒரே வருஷத்தில் ரெண்டு தடை வாங்கினவரைச் சாது என்கிறோம்.

ஆனால் எங்கள் எல்லோரையும் வாயடைக்க வைத்தது கிஷோர் குமார் விஷயம்தான். நெருக்கடி நிலை காலத்தில், அரசாங்கப் பிரச்சார நிகழ்ச்சிக்கு ஒத்துழைக்க மாட்டேன் என்றதற்காக 1976 மே மாதம் முதல் அவர் பாட்டையே ஆகாஷ்வாணியில் நிறுத்திவிட்டார்கள். வார்த்தை தப்பில்லை, மெட்டு தப்பில்லை, பாடின ஆள் தப்பு. வார்த்தையை வெட்டினால் அந்த இடத்தில் ஒரு பள்ளமாவது தெரியும். என் மகள் எஃப்.எம்.மில் கேட்ட ஒரு பாட்டைப் பாடும்போது, அவர்கள் சத்தத்தைக் கொன்ற அந்த அரை நொடியையும் சேர்த்தே பாடுவாள். வாயை மட்டும் அசைத்துவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போவாள். அந்த இடத்தில் என்ன வார்த்தை என்று கேட்டேன், “அங்க ஒண்ணும் இல்லப்பா, அப்படித்தான் பாட்டு” என்றாள். ஆளையே வெட்டினால் அந்தப் பள்ளம்கூட மிஞ்சாது.

இதைக் கேட்டதும் சித்தப்பா எழுந்து உட்கார்ந்தார். “அண்ணா, 63ல ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்த பட்டம் என்ன?” என்றார். மெல்லிசை மன்னர்கள். சிவாஜி கையால் கொடுத்தது. “இப்ப யாருகிட்ட கேட்டாலும் மெல்லிசை மன்னர்னா ஒரே ஆளு. அந்த ‘கள்’ எங்க போச்சு? எந்த சென்சார்காரன் வெட்டினான்?”

“கள்ளுன்னா வெட்டத்தானே செய்வாங்க” என்றான் மச்சான். யாரும் சிரிக்கவில்லை. (நான் அப்புறம் குளியலறையில் போய்ச் சிரித்தேன்.)

பெரியப்பா, அதெல்லாம் ஜனங்கள் செய்தது, நான் என்ன செய்ய என்றார். சித்தப்பா பதில் சொல்லவில்லை. என் செல்போனை வாங்கி டார்ச்சைப் போட்டார், வேட்டி மூட்டையிலிருந்து அந்த நீள நோட்டை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். “பாவமன்னிப்பு, எம்.எஸ்.வி. பாசமலர், எம்.எஸ்.வி. ஆலயமணி, எம்.எஸ்.வி. கர்ணன், எம்.எஸ்.வி…” அடுத்த பக்கம். அடுத்த பக்கம். பெரியப்பாவின் முத்து முத்தான கையெழுத்தில், ஒரு இடத்தில்கூட ராமமூர்த்தி இல்லை. இலங்கை வானொலிக்காரன் அடுத்த நாட்டிலிருந்து ரெண்டு பேரையும் மூச்சுவிடாமல் சேர்த்துச் சொன்னான், நீ ஒரே வயிற்றில் பிறந்த எனக்குப் பிடித்தவர் பேரை நாற்பது வருஷமாக எழுதவே இல்லையே என்று கேட்டபோது சித்தப்பாவின் குரல் உடைந்துவிட்டது. எண்பதை நெருங்கும் மனுஷன்.

பெரியப்பா ரொம்ப நேரம் கழித்துச் சொன்ன பதில்: “கட்டத்துல இடம் பத்தலைடா.”

அது உண்மையும்தான். அந்த நோட்டில் கோடு போட்ட கட்டம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சித்தப்பா நோட்டைத் தன் பையில் வைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டார். மறுநாள் காலையில் இறங்கும்போது இருபது வளைவிலும் ஒருவரும் பேசவில்லை, எனக்கு மட்டும் காது அடைத்துக் காது திறந்தது.

நடுவில் வியாழக்கிழமை சித்தப்பா என்னைக் கூப்பிட்டு நோட்டைக் கொடுத்து அண்ணனிடம் சேர்த்துவிடச் சொன்னார். பிரித்துப் பார்த்தேன். பட்டறைக்காரர் கை, கொலுசில் எழுத்து வெட்டுகிற பொடிசில், ஒவ்வொரு எம்.எஸ்.வி.க்கும் பக்கத்தில் இருந்த ஒரு மயிரிழை இடத்தில் சிவப்புப் பேனாவால் ‘ரா’ என்று எழுதியிருந்தார். பக்கம் பக்கமாக. கொண்டுபோய் அம்மாபேட்டையில் கொடுத்தேன். பெரியப்பா வாங்கி ஊஞ்சலில் வைத்தாரே தவிரப் பிரிக்கவில்லை, என்ன என்றும் கேட்கவில்லை.

நேற்று ராத்திரி பத்தேகாலுக்கு அவரிடமிருந்து போன். இந்த நேரத்துக்கு என்றதும் பயந்துபோய் எடுத்தேன்.

“கண்ணு, 65 வரைக்கும் அவன் எழுதினது சரி. நான் ஒண்ணும் சொல்லலை. ‘அன்பே வா’வுக்கு எப்படிடா ‘ரா’ போடுவான்? அவனை நாளைக்கு வந்து அதை மட்டும் அழிக்கச் சொல்லு.”